கண்ணாடிக் கடைக்குள் ஒரு குழந்தை

அம்மா ஜெபத்தில் உளறிவிட்டாள்.

வேறு எங்காவது உளறியிருந்தால் சமாளித்திருக்கலாம். கடையிலோ தெருவிலோ வாய்தவறி ஒன்றைச் சொல்லிவிட்டால் சிரித்து மழுப்பலாம், பேச்சை மாற்றலாம். ஜெபத்தில் சொன்னதை எப்படி மாற்றுவது? கேட்டுக்கொண்டிருந்தவர் ஆண்டவர். அவரோடு சேர்ந்து, புதன்கிழமைப் பெண்கள் கூட்டத்தில் கண்மூடி உட்கார்ந்திருந்த எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆலயத்தின் பக்கத்து அறையில் மடக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு அந்தக் கூட்டம் நடக்கும். முதலில் எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிப்பார்கள். யார் என்ன சொல்கிறார்கள் என்று யாருக்கும் விளங்காது. பிறகு ஒவ்வொருவராக ஜெபிப்பார்கள். அம்மாவின் முறை வந்தால் பேக்கரி அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி வசதியாக உட்கார்ந்துகொள்வாள். அம்மா ஆண்டவரிடம் பேசுவதும் சமையலறையில் அப்பாவிடம் பேசுவதும் ஒரே மாதிரிதான் இருக்கும். எதையும் விடமாட்டாள், எதையும் சுருக்கமாட்டாள்.

அன்றும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. "ஆண்டவரே, எங்க பின்னறையில இருக்கிற அந்தக் குழந்தையைத் தொடும். காய்ச்சல் இன்னும் விடல. பெத்தவளும் சின்னப் பொண்ணு, பயந்துபோய்க் கிடக்கா, வெளியில தலைகாட்ட முடியல. யாருக்கும் தெரியாம நாங்க எத்தனை நாளைக்கு…"

அங்கே நின்றுவிட்டாள்.

நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அம்மாவும் கண்ணைத் திறந்திருந்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. வட்டத்தில் ஒருவரும் அசையவில்லை, இருமவும் இல்லை.

"ஆமென்" என்றாள் அம்மா.

அம்மாவின் ஜெபம் அவ்வளவு சீக்கிரம் முடிந்தது அதுவே முதல் தடவை.

அந்தக் குழந்தையும் அதைப் பெற்றவளும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடும் கடையும் ஒன்றுதான். முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு திரைச்சீலை. அப்பா கண்ணாடி வெட்டுகிறார். ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி, முகம் பார்க்கிற கண்ணாடி எல்லாம். பெரிய கண்ணாடிப் பலகைகள் சுவரோரம் சாய்ந்து நிற்கும், ஒன்றோடொன்று உரசாமல் இருக்க நடுவே பழைய காகிதங்கள். கடைக்குள் நுழைகிற ஒருவர் நான்கைந்து பேராகத் தெரிவார். முதல்முறை வருகிறவர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் நின்று தலைமுடியைச் சரிசெய்துகொள்வார்கள்.

அந்த அக்கா சரிசெய்துகொள்ளவில்லை. இடுப்பில் குழந்தையோடு, கையில் அளவுக்கு வெட்டிய ஒரு நூலோடு வந்து நின்றாள். என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவளாக இருப்பாள். அலமாரிக் கண்ணாடி உடைந்துவிட்டது, அதே அளவில் ஒன்று வேண்டும் என்றாள்.

"எப்படிம்மா உடைஞ்சுது?" என்று அப்பா கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். கதவு மோதியது, பிள்ளை பந்து போட்டது என்று ஏதாவது சொல்வார்கள்.

அவள் எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். அதில் அவள் கன்னம் தெரிந்தது. பக்கத்துக் கண்ணாடியில் கழுத்தின் பின்புறம் தெரிந்தது, அங்கே முடிக்குள் ஒட்டியிருந்த பிளாஸ்திரியும் தெரிந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா நூலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே பார்த்து அம்மாவைக் கூப்பிட்டார்.

அவளுடைய புருஷன் தூர ஊர்களுக்குச் சரக்கு லாரி ஓட்டுகிறவன். புறப்படுவதற்கு முன் அவளைப் பிடித்துக் கண்ணாடியில் மோதியிருக்கிறான். "நான் வர்றதுக்குள்ள கண்ணாடி புதுசா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். இதெல்லாம் அம்மா கொடுத்த தேநீர் ஆறிப்போகும்வரை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

"என்னை அடிச்சா வாங்கிக்குவேன்மா. பழகிப்போச்சு. போன தடவை இவளைத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போயிட்டார். கைப்பிடிச் சுவத்துக்கு வெளியில நீட்டிப் பிடிச்சுக்கிட்டு, 'இனிமே எதிர்த்துப் பேசுவியா'ன்னு கேட்டார்."

அம்மா குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான். அந்த நிமிடத்தில் முடிவாகிவிட்டது, அப்பாவுக்கும் எனக்கும் தெரிந்துவிட்டது.

அப்பா மட்டும் சமையலறையில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "நம்ம வீட்டுல இடம் எங்க இருக்கு?"

"ஆண்டவர் வந்து கதவைத் தட்டினா இடமில்லேன்னு சொல்லுவீங்களா?"

"அவர் வந்தா கடையிலயே நாற்காலி போட்டு உட்கார வெச்சு டீ குடுப்பேன். அவரைத் தேடிக்கிட்டு லாரியில யாரும் வரமாட்டாங்களே."

சொல்லிவிட்டு அப்பாவே பின்னறையில் அடுக்கியிருந்த மரச்சட்டங்களை எடுத்து வெளியே போட்டார். நான் பாய் விரித்தேன். குழந்தைக்கு மேலே இரண்டு பல் மட்டும் முளைத்திருந்தது. அப்பா அதற்கு முயல் என்று பெயர் வைத்தார்.

மறுநாள் அம்மா கிளினிக் நர்ஸிடம் போய்ப் பேசினாள். நர்ஸுக்குத் தெரிந்த கன்னியாஸ்திரி சிஸ்டர்கள் வேறொரு ஊரில் இப்படிப்பட்ட தாய்மார்களுக்காக ஓர் இல்லம் நடத்துகிறார்கள். அங்கே சனிக்கிழமைதான் ஒரு கட்டில் காலியாகும், காலையில் கிளினிக் வண்டியிலேயே வந்து கூட்டிப்போகிறேன் என்று நர்ஸ் சொன்னாள். லாரி வழக்கமாக வெள்ளிக்கிழமை திரும்பும். அந்த ஒரு நாள்தான் இடிக்கிறது. அந்த ஒரு நாளைத் தாண்டிவிட்டால் போதும், அதுவரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று, சாயங்காலம் குழந்தையைப் பார்க்க வந்த நர்ஸ் எங்கள் மூன்று பேரையும் நிற்க வைத்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மா மூச்சுவிட்டது புதன்கிழமை.

"யாருக்கும் தெரியக் கூடாதுங்கிறதை மைக் வெச்ச மாதிரி சொல்லிட்டு வந்திருக்கே" என்றார் அப்பா.

"நான் ஆண்டவர்கிட்டதான் சொன்னேன்."

"அவருக்குக் காது நல்லாவே கேட்கும். மனசுக்குள்ள சொல்லியிருக்கலாம்."

அம்மா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அடுப்பில் ஒன்றும் வைக்காமலேயே அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பின்னறையில் அக்கா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தெருப் பக்கம் காது கொடுத்தபடி இருந்தாள். அம்மா உளறியதை நாங்கள் அவளிடம் சொல்லவில்லை. தெருவில் எந்த லாரி ஹாரன் அடித்தாலும் அவள் தோள்கள் உயரும். பிறகு, "இது இல்ல" என்பாள். ஹாரனை வைத்தே அவளுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலையில் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, என்னையும் வரச் சொன்னாள். கூட்டத்தில் இருந்தவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து வாயைக் கட்டிவிட்டு வருவது என்று முடிவு செய்திருந்தாள். எனக்கு வெளியே போவது பிடிக்காது. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் எனக்குக் குரல் வராது. வாய் திறக்கும், காற்று மட்டும் வரும், பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்படியே ஒருநாள் பள்ளிக்கூடம் போவதையும் விட்டுவிட்டேன். அதன் பிறகு ஒரு வருஷமாகக் கடைக்குப் பின்னால்தான் இருக்கிறேன். புதன்கிழமைக் கூட்டமும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையும் தவிர யாரும் என்னைப் பார்ப்பதில்லை. அதிலும் பாதி வாரங்கள் போகமாட்டேன்.

முதலில் தையல் அக்கா வீடு. அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நேத்து ஜெபத்துல நான் ஒண்ணு சொல்லிட்டேன். அதை வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

தையல் அக்கா ஊசியை எடுத்து ரவிக்கையில் குத்திக்கொண்டு நிமிர்ந்தாள். "நேத்து நான் என் மருமகளை நெனச்சு அழுதுகிட்டு இருந்தேன். நீ சொன்னது எதுவுமே காதுல விழல. என்ன சொன்னே?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததுக்கா இவ்வளவு தூரம் நடந்து வந்தே?"

அடுத்த வீட்டில் இருந்தவர் ஜெபத்தின்போது பாதித் தூக்கத்தில் இருந்தாராம். ஆனால் இப்போது முழுசாக விழித்துக்கொண்டார். இன்னொருத்தி, "குழந்தைன்னு ஏதோ சொன்னியே, அதுவா?" என்று கேட்டாள். அம்மா, "அதுதான், அதைத்தான் சொல்லிடாதீங்க" என்றாள். நான் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

கடைசியாகப் பேக்கரி. உள்ளே ரொட்டி வெந்துகொண்டிருந்தது. பேக்கரி அத்தை மாவுக் கையோடு வெளியே வந்தாள். பெரிய உடம்பு, பெரிய குரல், யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் முதலில் போய் நிற்கிறவள்.

"எனக்கு எல்லாம் கேட்டுது" என்றாள். "பின்னறை, குழந்தை, காய்ச்சல், எல்லாம். யார் குழந்தை?"

அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. ஒருமுறை அப்பாவைத் தேடி ஓயாமல் பேசுகிற ஒருவர் வந்தார். இல்லையென்று சொல் என்று அப்பா சைகை காட்டினார். அம்மா அப்பாவைப் பின்வாசல் வழியாக வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு வந்துதான், "வீட்டுல இல்லீங்க" என்றாள்.

"அதை மட்டும் கேட்காதீங்க அண்ணி" என்றாள் இப்போது.

பேக்கரி அத்தை அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே பார்த்தாள். நான் போட்டிருந்தது அப்பாவின் பழைய, தொளதொளத்த சட்டை. மாவு ஒட்டியிருக்கிறதோ என்று நானும் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

"சரி, கேட்கல" என்றாள் அத்தை. அவள் குரல் திடீரென்று இறங்கிவிட்டது. ஒரு ரொட்டியைச் சூடாகக் காகிதத்தில் சுற்றி என் கையில் வைத்தாள். "நல்லா சாப்பிடணும் நீ" என்றாள்.

திரும்பி வரும்போது அம்மா தெருவிலேயே நின்றுவிட்டாள். "நெருப்பை அணைக்கப் போறேன்னு போய் ஊதிட்டு வந்திருக்கேன்" என்றாள்.

அது அன்று சாயங்காலமே தெரிந்தது. கடைப் படியில் ஒரு பால் மாவு டின் இருந்தது. யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தையல் அக்கா ஒரு சின்னப் போர்வையை அப்பாவிடம் கொடுத்து, "நான் எதுவும் கேட்கல" என்று சொல்லிவிட்டுப் போனாள். இன்னொருத்தி கிலுகிலுப்பை கொண்டுவந்தாள். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்கவில்லை என்பதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு முறை கடைவாசலில் காலடிச் சத்தம் கேட்டபோதும் பின்னறையில் அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒண்டிக்கொண்டாள். பாவம், அவளுக்காகத்தான் இதெல்லாம் வருகிறது. ஒவ்வொன்றும் அவளை அங்கே துரத்தியது.

"யாரு இவங்கல்லாம்?" என்று என்னிடம் கேட்டாள்.

"நல்லவங்க."

"இத்தனை நல்லவங்க வந்தா எனக்குப் பயமா இருக்கு."

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் அந்த ஹாரன் கேட்டது. அக்கா, "இது இல்ல" என்று சொல்லவில்லை. முயலை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு எழுந்து போய் இடுக்கில் உட்கார்ந்தாள். நான் ஓடிப்போய் அப்பாவிடம் கண்ணால் சொன்னேன். எங்கள் தெருவில் வேறு கண்ணாடிக் கடைகளும் உண்டு. லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு ஒவ்வொரு கடையாக ஏறி இறங்குகிறான் என்று அப்பா எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அலமாரிக்குக் கண்ணாடி வாங்கப் போனவள் வீடு திரும்பவில்லை என்றால், கண்ணாடிக் கடைகளில்தானே தேடுவான்.

நான் ஏனோ மீசையும் சிவந்த கண்ணுமாக ஒருவனை எதிர்பார்த்திருந்தேன். வந்தவன் மெலிந்து, சட்டை மடிப்புக் கலையாமல், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தான். எல்லோரையும் போல நின்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டான்.

"அண்ணே, என் சம்சாரம் இங்க கண்ணாடி கேட்டு வந்தாளா? கையில குழந்தை இருக்கும்."

அப்பா மேசைமேல் குனிந்து ஒரு பலகையில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். கோடு இழுக்கும்போது கை நிற்கக் கூடாது, நின்றால் கண்ணாடி அந்த இடத்தில் தன்னிஷ்டத்துக்கு உடையும். அப்பாவின் கை நின்றது. பலகை குறுக்காகக் கீறிப் பிளந்தது.

"எத்தனையோ பேர் வர்றாங்க தம்பி" என்றார் அப்பா, உடைந்ததை ஒதுக்கிக்கொண்டே.

"வெளியூர் போய்ட்டு வந்து பார்த்தா வீடு பூட்டிக் கெடக்கு. குழந்தைக்கு வேற உடம்பு சரியில்ல. மனசு கெடந்து அடிச்சுக்குது அண்ணே." உண்மையிலேயே அவன் கண் கலங்கியது. பிறகு கையால் அளவு காட்டினான். "சரி, வந்ததுக்குக் கண்ணாடியை வெட்டிக் குடுங்க. அவ வந்து பார்த்தா சந்தோஷப்படுவா."

அளவைச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அப்பாவுக்கு வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அம்மா திரைச்சீலைக்கு முன்னால் வந்து நின்றாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். திரை சரியாக மூடவில்லை என்பதும், எதிர்ச்சுவரில் சாய்ந்திருந்த பெரிய கண்ணாடியில் பின்னறைக் கதவின் ஒரு பாதி தெரிகிறது என்பதும் அப்போதுதான் என் கண்ணில் பட்டன. நான் மெல்ல நகர்ந்து அந்தக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். இப்போது அதில் என் முதுகுதான் தெரியும்.

அப்போது முயல் இருமியது.

ஒரே ஒரு இருமல். அதன் பின்னால் ஒரு சிணுங்கல் தொடங்கி, எதிலோ அமுங்கிப்போனது.

அவன் தலை திரும்பியது. "குழந்தை இருக்கா உள்ள?"

அம்மா வாயைத் திறந்தாள். எனக்குத் தெரியும், அந்த வாயிலிருந்து உண்மையைத் தவிர எதுவும் வராது. அவள் உதடு அசைந்தது. ஜெபிக்கிறாளா, பதில் சொல்லப் போகிறாளா என்று புரியவில்லை. அவள் எதைச் சொன்னாலும் அவன் எழுந்து திரையை விலக்குவான்.

அந்த நேரம் பார்த்துப் பேக்கரி அத்தை உள்ளே வந்தாள். கையில் ஒரு பை. பை நிறையக் குழந்தைத் துணி, மேலே ஒரு மஞ்சள் கவுன் நீட்டிக்கொண்டிருந்தது.

"ஸ்தோத்திரம். என் பேத்தி போட்டதுதான், கிழிசல் இல்ல. நான் எதுவும் கேட்கல…" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அவனைப் பார்த்து நிறுத்தினாள்.

அவன் எழுந்துவிட்டான். துணியைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். "யார் குழந்தை அது?" என்றான். குரலில் கலக்கம் இல்லை இப்போது.

"என்னோடது" என்றேன்.

எனக்கே கேட்டது. சத்தமாக, தெளிவாக, வகுப்பில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி.

அப்பாவின் கையிலிருந்த சின்னச் சுத்தியல் மேசையில் விழுந்தது. அவன் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தான். பேக்கரி அத்தையைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் பக்கத்துக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அதில் ஆச்சரியமே இல்லை. தான் நினைத்தது சரியாகப் போனதே என்ற துக்கம்தான் இருந்தது.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல."

அவன் அப்பா பக்கம் திரும்பினான். "என்ன அண்ணே, பொம்பளப் பிள்ளையை இப்படியா வளர்ப்பீங்க? என் வீடா இருந்தா கையைக் காலை முறிச்சிருப்பேன்."

அப்பா கண்ணாடி வெட்டுகிற வைரத்தை இறுகப் பிடித்தபடி நின்றார்.

"பையனா, பொண்ணா? கொண்டா பார்ப்போம்" என்று அவன் சிரித்துக்கொண்டே ஓரடி எடுத்து வைத்தான்.

"நில்லுப்பா" என்றாள் பேக்கரி அத்தை. பையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு அவனுக்கும் திரைக்கும் நடுவில் வந்து நின்றாள். அந்த உடம்பைத் தாண்டி ஒருவன் போக முடியாது. "அந்தப் பிள்ளையே தலை நிமிர முடியாம நிக்குது. நீ வேற வேடிக்கை பார்க்கணுமா? கண்ணாடி வாங்க வந்தியா, கதை கேட்க வந்தியா?"

"சும்மாதான் கேட்டேன்."

"சும்மா கேட்கிறதா இருந்தா வாயை வீட்டுல வெச்சுட்டு வா."

அவன் சிரித்தான். ஆனால் உட்காரவில்லை. அப்பா கண்ணாடியை வெட்டி, ஓரத்தைக் கல்லால் தேய்த்து, காகிதம் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். அவ்வளவு வேகமாக அவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை. அவன் அதை இரண்டு கையாலும் வாங்கி, எங்கும் இடிக்காமல், குழந்தையைத் தூக்குகிற மாதிரி பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போனான்.

லாரி கிளம்புகிற சத்தம் கேட்கவில்லை. அதற்குள் பேக்கரி அத்தை பையை என் கையில் கொடுத்துத் தலையைத் தடவினாள். "ஆண்டவர் மன்னிக்காதது ஒண்ணும் இல்லம்மா" என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு அம்மாவிடம், "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் நீ" என்றாள்.

"அண்ணி…" என்று அம்மா தொடங்கினாள். நான் அம்மாவைப் பார்த்துத் தலையை அசைத்தேன். லாரி இன்னும் தெருமுனையில்தான் நிற்கிறது. அத்தைக்குத் தெரிந்தால் தையல் அக்காவுக்குத் தெரியும், தையல் அக்காவுக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரியும். அம்மா வாயை மூடிக்கொண்டாள். அத்தை கண்ணைத் துடைத்தபடி போனாள்.

பின்னறையில் அக்கா இடுக்கை விட்டு எழவே இல்லை. குழந்தையின் முகத்தை மாரில் புதைத்து அழுத்தியிருந்தாள், அது சிவந்துபோய்த் திணறிக்கொண்டிருந்தது. நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன்.

"கேட்டுச்சு" என்றாள் அக்கா. "ஏன்டி அப்படிச் சொன்னே? உனக்குன்னு ஒரு வாழ்க்கை வேண்டாமா?"

நான் குழந்தையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேன். முயல் வெந்நீர் போலச் சூடாக என் தோளில் கிடந்தது.

அம்மா சமையலறையில் முழங்காலில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்துவிட்டாள். "மன்னிப்புக் கேட்கலாம்னு போனேன். எதுக்குக் கேட்கிறதுன்னு தெரியல" என்றாள்.

சனிக்கிழமை காலையில் கிளினிக் வண்டி பின்வாசலுக்கு வந்தது. அக்கா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஏறினாள். சிஸ்டர்கள் அவளை அங்கிருந்து இன்னும் தூரத்தில் இருக்கிற அவளுடைய சொந்த அக்காவிடம் அனுப்ப ஏற்பாடு செய்வார்கள், அதற்குக் கொஞ்ச காலம் ஆகும், அதுவரை எந்த வாசல் வழியாகப் போனாள் என்று அவனுக்குத் தெரியக் கூடாது என்று நர்ஸ் சொன்னாள். "அவன் சும்மா இருக்கமாட்டான். கிளினிக்குல வந்தும் கேட்டிருக்கான்" என்றாள். வண்டி திரும்பும்போது முயல் கண்ணாடி ஜன்னலில் நாக்கை வைத்து நக்கிக்கொண்டிருந்தது.

முயல் போய்விட்டது. ஆனால் வீட்டில் ஒரு குழந்தை இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அன்று உள்ளே இருமியது யாருடைய குழந்தை என்று அவன் கண்டுபிடித்துவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எங்கள் பெஞ்சில் எங்களைத் தவிர யாரும் உட்காரவில்லை. பாஸ்டரம்மா என்னைத் தனியாக அழைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்ச நாளைக்குப் பின் பெஞ்சுல உட்காரும்மா. மத்த பிள்ளைங்க பார்க்குறாங்கல்ல" என்றாள். நான் எப்போதும் பின் பெஞ்சில்தான் உட்காருகிறேன் என்பது அவளுக்குத் தெரியவில்லை. நான் தலையாட்டினேன். குரல் மறுபடியும் எங்கோ போய்விட்டிருந்தது.

"போதும். நான் போய்ச் சொல்லிடறேன்" என்றார் அப்பா, வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல். "என் பிள்ளையைப் பத்தி என்னென்னமோ பேசறாங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு இருக்கிறது?"

அம்மா என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு. சொல்லிடலாமா?"

நான் ஜன்னலைக் காட்டினேன். எதிர்ப்புறம் லாரி நின்றது. அவன் கதவில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டு எங்கள் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து பேக்கரி அத்தை கொடுத்த துணிகளைத் துவைக்கிறேன். கடைப் பக்கச் சந்தில், தெருவுக்குத் தெரிகிற மாதிரி ஒரு கொடி கட்டியிருக்கிறேன். அழுக்கே ஆகாத துணியை நனைத்துப் பிழிந்து காயப்போடுவதும், காய்ந்ததை எடுத்து மறுபடி நனைப்பதும்தான் வேலை. ஒரே துணியை ஒரே இடத்தில் போடக் கூடாது. லாரி ஊரில் இல்லாத நாட்களிலும் போட்டாக வேண்டும், அவனுக்கு யார் போய்ச் சொல்வார்கள் என்று தெரியாது. ராத்திரி படுத்தால் நாளைக்கு எதைப் போடுவது என்றுதான் மனம் ஓடுகிறது. அம்மா வாசலில் நின்று பார்ப்பாள். கிட்டே வரமாட்டாள்.

நேற்றுக் காலை நான் மஞ்சள் கவுனை உதறிக்கொண்டிருந்தபோது லாரி தெருவுக்குள் வந்தது. எங்கள் சந்தின் முன்னால் வேகத்தைக் குறைத்து நின்றது. அவன் தலையை வெளியே நீட்டினான்.

"என்ன, பிள்ளை அழுற சத்தமே காணோம்?"

நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அவன் காத்திருந்தான், என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் பேக்கரி அத்தை கூடையோடு வந்துகொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு தெருவின் அந்தப் பக்கமே போனாள்.

அம்மா வாசற்படியிலிருந்து இறங்கி வந்தாள். என் கையிலிருந்த கவுனை வாங்கிக்கொண்டாள்.

"இப்பதான் தூங்குச்சு" என்றாள் அவனைப் பார்த்து. "ஹாரன் அடிக்காம போப்பா."

அவன் கியரை மாற்றினான். அம்மா கவுனைக் கொடியில் போட்டாள். வாளியில் குனிந்து இன்னொன்றை எடுத்தாள், பிழிந்தாள், போட்டாள். கிளிப் இரண்டு தடவை கீழே விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். லாரி தெருமுனை திரும்பிய பிறகும் அவள் நிறுத்தவில்லை. வாளி காலியாகும்வரை, தெரு முழுக்கப் பார்க்கும்படி, ஒவ்வொரு துணியாகப் போட்டுக்கொண்டே இருந்தாள்.